தண்ணீர் கலந்த அத்தியாயங்கள்

2016 தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு சாயப்பட்டறையிலிருந்து வீசாட் என்ற சீனச் செயலியில் எனக்கு இரண்டு வரிச் செய்தி வந்தது. அப்போது நான் சீனாவின் செஜியாங் மாகாணத்தில், ஷாவ்ஷிங் நகரத்தை ஒட்டிய கெச்சியாவ் துணிச் சந்தையில் இருந்தேன். திருப்பூர் கம்பெனிகளுக்குப் பாலியெஸ்டர் துணி வாங்கி அனுப்பும் வேலை. போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாண்டரின் சீனத்தில் பேரம் பேச வரும், சண்டை போட வரும், கூட உட்கார்ந்து தேநீர் குடித்தபடி குடும்பக் கதை கேட்கவும் வரும். பட்டறைக்காரர் எப்போதும் குரலைப் பதிவு செய்துதான் அனுப்புவார். அன்று ஏதோ கூட்டத்தில் இருந்ததால் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார்.

அந்த இரண்டு வரியில் எனக்குத் தெரிந்த எழுத்துகள் இரண்டே இரண்டு. ஒன்று, நிறத்தைக் குறிக்கும் 'ஸெ'. மற்றது 'ச்சா'. ச்சாபுதுவோ என்ற சொல்லில் வரும் ச்சா. கெச்சியாவ் சந்தையில் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழும் சொல் அது. கிட்டத்தட்ட சரி, ஏறக்குறைய அதேதான் என்று பொருள். கடைப் பலகை ஒன்றில் பார்த்துப் பார்த்து அதன் எழுத்து மனதில் நின்றிருந்தது. நிறம் ஏறக்குறைய சரியாக வந்துவிட்டது என்கிறார் போல என்று நினைத்து, 'ஹாவ்', சரி, என்று பதில் போட்டேன்.

அவர் எழுதியிருந்தது 'ஸெச்சா'. நிற வேறுபாடு. திருப்பூரில் ஷேடு வேரியேஷன் என்பார்களே, அது. ஒரு தொட்டியில் போட்ட துணிக்கும் அடுத்த தொட்டியில் போட்ட துணிக்கும் நிறம் மாறுகிறது, அப்படியே அனுப்பலாமா என்று நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார். ச்சா என்றால் வேறுபடுவது, குறைவது. ச்சாபுதுவோ என்பதே 'அதிகம் வேறுபடவில்லை' என்ற சொற்கோவைதான். சரக்கு திருப்பூரில் இறங்கியபோது ஒரு ரோல் நேவி நீலம் சாம்பல் பூத்திருந்தது, அடுத்த ரோல் ஊதா அடித்தது. அந்த ஆர்டரில் எனக்கு வர வேண்டிய கமிஷன் முழுதும் போனது. அது போதாமல் கையிலிருந்தும் கட்டினேன். பட்டறைக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் கேட்டார், நான் சரி என்றேன்.

அன்றைக்கு முடிவு செய்தேன், படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று.

தமிழ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் எழுத்து தெரிந்துவிட்டால் எந்தச் சொல்லையும் வாய்விட்டுப் படித்துவிடலாம், பொருள் தெரியாவிட்டாலும். சீனத்தில் இது தலைகீழ். நான் தினமும் பேசும் சொல் கண் முன்னால் எழுதியிருக்கும், அது அந்தச் சொல்தான் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக முகம் பார்த்துப் பழக வேண்டும். சீன அரசு 2013-ல் வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள் இருக்கின்றன. அதில் அன்றாடம் புழங்குபவை என்று முதல் வரிசையில் வைத்திருப்பவை மட்டும் 3,500. பேச்சில் எவ்வளவு தேறியிருந்தாலும் அந்த 3,500 முகங்கள் தானாக அறிமுகம் ஆகிவிடாது.

முதலில் பாடப்புத்தகம் வாங்கினேன். எச்.எஸ்.கே என்ற சீன மொழித் தேர்வுக்கான புத்தகம். அதில் வருகிறவர்கள் எல்லாரும் நூலகத்துக்குப் போவார்கள், வானிலை பேசுவார்கள், பழம் வாங்குவார்கள். அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்ற கவலை யாருக்கும் வராது. பதினைந்து நாளில் புத்தகம் அலமாரிக்குப் போய்விட்டது.

அடுத்து எழுத்தாளர் லூ சுன். ஷாவ்ஷிங் அவர் பிறந்த ஊர். நகரத்தில் எங்கே திரும்பினாலும் அவர் படம் இருக்கும். படிக்கப் போகிறேன் என்றதும் பழகிய கடைக்காரர்கள் எல்லாரும் அவர் பெயரைத்தான் சொன்னார்கள். 'கொங் யிஜி' என்ற சிறுகதையை எடுத்தேன். பரீட்சையில் தேறாமல், மதுக்கடையில் நின்றபடி குடித்துக் கடன் வைக்கும் ஒரு படிப்பாளியின் கதை. கடைப் பையனிடம் அவர் கேட்பார், ஹுய்ஷியாங் அவரையில் வரும் 'ஹுய்' எழுத்தை எப்படி எழுதுவது தெரியுமா, அதன் அடிப்பகுதியாக வரும் இன்னொரு 'ஹுய்' எழுத்தை நான்கு விதமாக எழுதலாமே என்று. 1919-ல் வந்த கதை. மகத்தான கதை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஐந்தாறு பக்கக் கதையில் முதல் பக்கத்துக்கே எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஒவ்வொரு வரியும் புதிது. ஒரு வரியில் கற்ற சொல் மறுபடி வருவதே இல்லை. செறிவாக எழுதுகிறவர்கள் ஒரு சொல்லை வீணாக்க மாட்டார்கள். கற்றுக்கொள்ள வந்தவனுக்கோ அந்த வீண் தேவைப்படுகிறது. இது எனக்கு அப்போது புரியவில்லை.

புரிய வைத்தது, நான் வழக்கமாகத் துணி எடுக்கும் ஒரு கடையின் கல்லாவில் இருந்த பெண். இருபது வயதுக்குள் இருக்கும். மதியம் நூடுல்ஸ் கிண்ணம் ஆறிக்கொண்டிருக்கும், அவள் கட்டைவிரல் போனில் மேலே மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வீடியோ பார்க்கிறாள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தால் திரை முழுக்க எழுத்து. படமே இல்லை. "என்ன படிக்கிறாய்?" என்று கேட்டேன். "தாகெ, இது படிப்பு இல்லை. வெறும் தண்ணீர்" என்றாள். தாகெ என்றால் அண்ணா.

அவள் படித்தது இணையத்தில் வரும் தொடர்கதை. தண்ணீர், 'ஷுவெய்', என்பது அதன் வாசகர்களின் சொல். பாலில் தண்ணீர் கலப்பது மாதிரி, இரண்டு பக்கத்தில் முடிய வேண்டிய சண்டையை எட்டு அத்தியாயத்துக்கு இழுப்பதைத் 'தண்ணீர் விடுகிறான்' என்பார்கள். ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்பதற்கு நேரான காரணம் இருக்கிறது. 2002-ல் தொடங்கிய ச்சிதியென் என்ற தளம், 2003 அக்டோபரில் கட்டண முறையைக் கொண்டுவந்தது. தொடரின் முன்பகுதி இலவசம். கதை சூடுபிடித்த பிறகு ஆயிரம் எழுத்துக்கு இத்தனை ஃபென் என்று வாசகர் கட்ட வேண்டும். நூறு ஃபென் சேர்ந்தால்தான் ஒரு யுவான், அதனால் ஓர் அத்தியாயத்துக்குச் சில்லறைக் காசுதான் ஆகும். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் கட்டும்போது எழுத்தாளருக்கு அது பிழைப்பு. எழுத்தின் எண்ணிக்கைக்குக் கூலி என்றால் எழுத்து பெருகத்தானே செய்யும். தியென்சான் துதோவ் என்ற புனைபெயரில் எழுதும் ஒருவரின் 'தோவ்போ சாங்ச்சியோங்' 2009-ல் தொடங்கி 2011-ல் முடிந்தபோது ஐம்பது லட்சம் எழுத்துகளைத் தாண்டியிருந்தது. சராசரியாக ஒரு நாளைக்கு ஆறாயிரம் எழுத்து. ஒருநாள் அத்தியாயம் வராவிட்டால் வாசகர்கள் 'த்ஸுய்கெங்' செய்வார்கள், அதாவது எங்கே அடுத்தது என்று நச்சரிப்பார்கள். எழுத்தாளர் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போனால் அந்தக் கதைக்குத் 'தாய்ஜியென்' என்று பெயர் வைத்துவிடுவார்கள். அரண்மனை அலி என்று அர்த்தம். கீழே ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லாமல் சொல்வது.

எங்கள் வீட்டில் அம்மா வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, அட்டை போட்டு, ஊசி நூலால் தைத்து வைத்திருப்பார். நடுநடுவே ஒரு வாரம் தொலைந்துபோயிருக்கும். பக்கத்தின் பின்பக்கம் சோப்பு விளம்பரம் இருக்கும். நான் தமிழ் வேகமாகப் படிக்கப் பழகியது பள்ளிக்கூடப் புத்தகத்தில் இல்லை, அந்தத் தையல் போட்ட தொடர்களில்தான். கல்லாப் பெண்ணின் போனைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இது எனக்குத் தெரிந்த பாதை.

"எனக்கு ஒன்று சொல்லு, லேசானதாக" என்று கேட்டேன். அவள் யோசித்து, கு மான் எழுதிய 'வெய்வெய் யீஷியாவ் ஹென் ச்சிங்ச்செங்' சொன்னாள். கணினி விளையாட்டில் கல்யாணம் செய்துகொள்ளும் இரண்டு கல்லூரி மாணவர்களின் காதல் கதை. ஆரம்பிக்கிறவர்களுக்கு இன்றைக்கும் நான் அதையேதான் சொல்கிறேன். காலம் இன்றைய காலம், பேச்சு வீட்டுப் பேச்சு, கதை குட்டி. முதல் அத்தியாயத்துக்கு மூன்று இரவு ஆனது. நாலாவதுக்கு ஓர் இரவு.

ஏன் என்று நானே கணக்குப் பார்த்தேன். இணையத் தொடர்களில் மனிதர்கள் செய்யும் காரியங்கள் ஒரு ஐம்பது அறுபதுக்குள் அடங்கிவிடும். தலையாட்டுவார்கள். புருவத்தைச் சுருக்குவார்கள். 'லெங்ஷியாவ்' செய்வார்கள், அதாவது குளிர்ந்த சிரிப்பு, நம் ஏளனச் சிரிப்பு. உதட்டோரம் லேசாக மேலே போகும். கண்ணில் ஏதோ ஓர் இழை மின்னி மறையும். எதிர்பாராதது நடந்தால் கூட்டம் மொத்தமும் 'ஒரு வாய் குளிர்காற்றை உள்ளே இழுக்கும்'. நாயகன் எதைச் சொன்னாலும் 'தான்தான்' என்று சொல்வான். உப்புக் குறைந்த சுவைக்கும் வெளிறிய நிறத்துக்கும் சொல்கிற சொல் அது, இங்கே அலட்டிக்கொள்ளாத குரல். சீன விமர்சகர்கள் இந்தத் தேய்ந்த தொடர்களைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார்கள். அவர்கள் சலிப்பு நியாயமானது. ஆனால் அந்தக் 'குளிர்காற்று' முப்பதாவது தடவை வந்தபோது நான் அதை எழுத்து எழுத்தாகப் பார்க்கவில்லை, ஒரே வீச்சில் பார்த்தேன். படிக்கத் தெரிவது என்பது அந்த ஒரே வீச்சுதான். லூ சுன் ஒரு தடவை சொல்வதை இவர்கள் முப்பது தடவை சொல்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்த முப்பது.

மொழி வாசிப்பை ஆராய்ந்த பால் நேஷன் போன்றவர்கள், நூறு சொல்லில் தொண்ணூற்றெட்டு தெரிந்தால்தான் துணை இல்லாமல் சுகமாகப் படிக்க முடியும் என்கிறார்கள். அதைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கணக்கை மொத்த மொழிக்கும் போட வேண்டியதில்லை, ஒரு புத்தகத்துக்குப் போட்டால் போதும். ஓர் எழுத்தாளருக்கு அவருக்கென்று ஒரு சொல்மூட்டை இருக்கிறது. முதல் இருபது அத்தியாயம் பல்லைக் கடித்துக்கொண்டு போனால் மூட்டை கைக்கு வந்துவிடும். மீதி ஆயிரம் அத்தியாயத்துக்கு அதே மூட்டைதான். ஆயிரம் அத்தியாயம் என்பது மிகை இல்லை. அடுத்து நான் எடுத்த 'ச்சுவான்ஜி காவ்ஷோவ்', கணினி விளையாட்டுப் போட்டிகளைப் பற்றிய தொடர், 2011 முதல் 2014 வரை ஓடியது, ஆயிரத்து எழுநூறு அத்தியாயத்தைத் தாண்டும். அதில் பாதியைத் தாண்டும்போது நான் வேகமாகிவிட்டேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. ஷாவ்ஷிங் வடக்கிலிருந்து ஷாங்காய் போகும் ரயிலில், இறங்கும் நிலையத்தைக் கிட்டத்தட்ட விட்டுவிட இருந்த அன்றுதான் தெரிந்தது.

எழுத்துகளின் உள்ளே இருக்கும் ஒழுங்கும் அப்படித்தான் பிடிபட்டது. 'ச்சிங்' என்று ஓர் உறுப்பு இருக்கிறது, பசும் நீலத்தைக் குறிப்பது. பக்கத்தில் மூன்று நீர்த்துளி சேர்ந்தால் தெளிந்த நீர். சொல்லைக் குறிக்கும் கோடு சேர்ந்தால் வேண்டுவது, தயவுசெய்து என்பது. இதயம் சேர்ந்தால் உணர்வு, காதல். சூரியன் சேர்ந்தால் மழை விட்ட வானம். எல்லாமே ஏறக்குறைய ச்சிங் என்றுதான் ஒலிக்கும், தொனி மட்டும் மாறும். காதல் கதை படித்தால் இதயம் சேர்ந்த ச்சிங் பக்கத்துக்கு ஐந்து வரும். அதன்பின் கண் சேர்ந்த உறவினர் ஒருவர் எதிரில் வந்தபோது, அகராதி பார்க்காமலே கண்ணைப் பற்றிய ஏதோ ஒன்று என்று ஊகித்தேன். கருவிழி. சரியாக இருந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் பெரிய ஆர்டர் கிடைத்தபோதும் வந்ததில்லை.

துணித் தொழிலில் இருந்தவனுக்கு இன்னொரு பரிசும் கிடைத்தது. இடது ஓரத்தில் பட்டு இழையைக் குறிக்கும் ஓர் உறுப்பு சீனத்தில் ஏராளமான எழுத்துகளில் வரும். நூல், இழை, நெசவு என்பவற்றில் அது இருப்பது இயல்பு. சிவப்பிலும் பச்சையிலும் இருக்கும், சாயம் பட்டுக்குத்தானே போட்டார்கள். ஆனால் 'கொடு' என்பதிலும் இருக்கிறது, முடிவு, தொடர்ச்சி, பயிற்சி, கல்யாணம் எல்லாவற்றிலும் இருக்கிறது. கதை படிக்கும்போது அதிகம் எதிர்ப்படுவது 'ஜிங்'. ஏற்கெனவே என்பதற்கு யீஜிங், அடிக்கடி என்பதற்கு ஜிங்ச்சாங், கடந்துபோவதற்கு ஜிங்குவோ. ஒரு பக்கத்தில் நாலைந்து தடவையாவது ஜிங் வரும். கெச்சியாவ் நெசவு ஆலைகளில் அதே ஜிங்தான் பாவு. ஊடைக்கு எதிர்ப்பக்கம் நீளவாக்கில் ஓடும் பாவு நூல். அதே எழுத்துதான் சாத்திரத்துக்கும், புத்த சூத்திரத்துக்கும். சூத்திரம் என்ற வடமொழிச் சொல்லுக்கும் இழை என்றே பொருள். நமக்கு மட்டும் என்ன, நூல் என்ற ஒரே சொல் கோன் கோனாக வாங்கி விற்பதற்கும் புத்தகத்துக்கும். நன்னூல் பாயிரத்தில் பஞ்சையும் நூற்பவளையும் கதிரையும் வைத்து நூல் உண்டாகும் விதத்தைச் சொல்லும் வெண்பா ஒன்று பள்ளியில் மனப்பாடம் செய்தது. இரவு பதினோரு மணிக்கு, வாடகை அறையில், காதல் கதையின் நடுவில் அந்த வெண்பா ஞாபகத்துக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. சாம்பிள் துணி ஒட்டிய அட்டைகளின் முதுகில்தான் சொற்களை எழுதி வைப்பேன். அன்று ஜிங் எழுத்தை ஒரு அட்டை முழுக்க எழுதினேன்.

உறவுமுறையும் கைகொடுத்தது. ஆங்கிலத்தின் வழியாகச் சீனம் படிப்பவர்கள் அண்ணனுக்கும் தம்பிக்கும் தனிச் சொல், பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தனிச் சொல் என்று தலையில் கை வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அது வீட்டு விஷயம். தாய்மாமனுக்கு ஜியோவ்ஜியோவ், அத்தைக்கு குகு. தற்காப்புக் கலைக் கதைகளில் ஒரே குருவிடம் படிப்பவர்கள்கூட மூத்த சகோதரன், இளைய சகோதரி என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குள் மரியாதை ஏறுவதும் இறங்குவதும் எனக்கு விளக்கம் இல்லாமலே புரிந்தது.

ஆனால் முழுக்க ஒன்று இல்லை. அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு 'தாங்' என்ற முன்னொட்டு. வீட்டின் நடுக்கூடம் என்பது அந்தச் சொல்லின் பொருள், ஒரே கூடத்தைச் சேர்ந்தவர்கள். மற்ற எல்லாருக்கும், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, சித்தி பிள்ளை யாரானாலும், 'பியாவ்', வெளிப்பக்கம். நமக்குச் சித்தி பிள்ளைகள் உடன்பிறப்பு மாதிரி, அவர்களுக்கு வெளிப்பக்கம். சரித்திரக் கதைகளில் ஒரு பியாவ்மெய், அதாவது வெளிப்பக்கத் தங்கை, வந்தாலே நாயகிக்குப் போட்டி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் அத்தை மகளை, மாமன் மகளை, சித்தி மகளைக்கூடக் கட்டும் வழக்கம் இருந்தது. 1980 திருமணச் சட்டம்தான் அதை முழுதாக நிறுத்தியது. மாமன் மகளாக வரும் பியாவ்மெய் பெட்டியோடு வந்து இறங்கும் காட்சியில் கல்லாப் பெண்ணுக்கு எரிச்சல் வரும். எனக்கோ, முறைப்பெண் வந்திருக்கிறாள், அவள் பக்கத்து நியாயத்தையும் கேட்கலாமே என்று தோன்றும். இதை வைத்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு மதியம் முழுக்க வாதாடியிருக்கிறோம்.

கஷ்டமான இடங்களும் உண்டு. சீனத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை. ஓலைச்சுவடியில் நம் ஆட்களும் விட்டதில்லைதான், ஆனால் நமக்கு வேற்றுமை உருபு இருக்கிறது. 'செல்வியை', 'செல்விக்கு' என்று வந்தால் அது ஆள் என்று தெரிந்துவிடும். அங்கே உருபும் கிடையாது. லின் என்றால் காடு, யெ என்றால் இலை, பாய் என்றால் வெள்ளை, எல்லாமே குடும்பப் பெயர். வெண்பனி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தது என்று ஒரு பத்தியைப் படித்துக் குழம்பி, மூன்று பத்தி தாண்டித்தான் பாய் லூ என்பது ஒரு பெண்ணின் பெயர் என்று புரிந்தது. அதிலிருந்து, புதுத் தொடர் எடுத்தால் முதல் அத்தியாயத்தில் பெயர்களை மட்டும் அட்டையில் எழுதிக்கொண்டுதான் தொடங்குவேன்.

எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறு வேறாக இருப்பது அடுத்தது. சந்தையில் ஒருவரும் பேசாத சொற்கள் கதையில் வரி தவறாமல் வரும். பேச்சில் 'ஜியோவ்' என்பது எழுத்தில் 'பியென்' ஆகும். ஆனால் என்பதற்கு 'ச்சுவே' வரும். சொன்னான் என்பதற்குச் சரித்திரக் கதைகளில் 'தாவ்' போதும். பாதை என்ற அதே தாவ், தாவோயிசத்தின் அதே தாவ், ஒளிக்கீற்றை 'ஒரு தாவ் ஒளி' என்று எண்ணும்போது வரும் அதே தாவ். வெளிநாட்டு மாணவர்கள் பலர் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் ஒரே வாயில் வைத்திருக்கும் நமக்கு இதில் அதிர்ச்சி அடைய ஒன்றும் இல்லை. 'போயிட்டான்' என்பது அச்சில் 'சென்றுவிட்டான்' ஆவதை ஆறு வயதில் பழகியவர்கள் நாம்.

எப்படிப் படித்தேன் என்று கேட்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். அகராதியைக் கட்டுப்படுத்துங்கள். ப்ளெகோ செயலியில் பத்தியை ஒட்டிவிட்டால், எழுத்தைத் தொட்டவுடன் பொருள் வரும். அற்புதமான கருவி. ஆரம்பத்தில் அது இல்லாமல் நான் இரண்டாவது பக்கத்துக்கே போயிருக்க மாட்டேன். ஆனால் தொட்டால் வரும் என்று தெரிந்தால் கண் சோம்பேறியாகிவிடும், தெரிந்த எழுத்தையும் தொடும். ஆறு மாதத்துக்குப் பிறகு ஓர் அத்தியாயத்துக்கு ஐந்து சொல் மட்டும் என்று எல்லை வைத்தேன். அந்த ஐந்தும் மூன்று தடவையாவது கண்ணில் பட்ட சொல்லாக இருக்க வேண்டும். ஒரு தடவை வந்து போகிற வாளின் பெயரும் மலையின் பெயரும் எனக்கு எதற்கு? அப்புறம் ஷின்ஹுவா புத்தகக் கடையில் அதே தொடர்களின் அச்சுப் பதிப்பு வாங்க ஆரம்பித்தேன். தாளைத் தொட்டால் ஒன்றும் வராது. ஊகிக்க வேண்டும், தப்பாக ஊகித்தால் கதையே அடுத்த பக்கத்தில் திருத்தும். விறுவிறுப்பான கதையாக இருந்தால்தான் இது நடக்கும். பிடிக்காத தொடரைப் பயனுள்ளது என்று படிக்காதீர்கள், பத்தாவது அத்தியாயத்தில் விட்டுவிடுங்கள். நான் அப்படி விட்டவை முடித்தவற்றை விட அதிகம்.

எடுத்த எடுப்பில் ஷியென்ஷியா பக்கம் போக வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். தவம் செய்து சாகாநிலை அடைய முயலும் மனிதர்களின் கதைகள் அவை. முதலில் மூச்சைப் பக்குவப்படுத்துவது, அப்புறம் அஸ்திவாரம், அப்புறம் வயிற்றுக்குள் பொற்குளிகை, அதிலிருந்து ஒரு சூட்சுமக் குழந்தை என்று படிநிலைகள் போகும். சித்தர் பாடல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் அந்நியமாகத் தெரியாது, போகர் சீனம் போனார் என்ற கதையும் நம்மிடம் இருக்கிறதே. எனக்கு அந்த வகை மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தக் குளிகைப் பெயர்களை வைத்துச் சாயப்பட்டறைச் செய்தியைப் படிக்க முடியாது. நிகழ்காலக் கதைகளில் நாலைந்து முடித்துவிட்டுப் போனால் அங்கே ருசி தெரியும். தொடர்கதை தராத வேறு விஷயங்களும் உண்டு. கையெழுத்தில் கிறுக்கிய பில் எனக்கு இன்றும் சிரமம். ஒப்பந்தப் பத்திரத்தின் மொழி முற்றிலும் வேறு, அதைத் தனியாகத்தான் உட்கார்ந்து படித்தேன்.

2020 ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன், திரும்பிப் போக முடியவில்லை. ஜூன் கடைசியில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் போனது. ஆறு வருடப் பழக்கம் எல்லாம் அதற்குள்தான் இருந்தது. பட்டறைக்காரர், கடைக்காரர்கள், கல்லாப் பெண், எல்லாரும். பெட்டியில் கொண்டுவந்திருந்த அச்சுப் புத்தகங்கள் ஒன்பது மட்டும் மிச்சம். திருப்பூரில் மாண்டரின் பேச ஆள் இல்லை. மூன்று வருடம் ஒரு சொல் வாயில் வரவில்லை, ஆனால் இரவு சாப்பிட்டதும் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஓர் அத்தியாயம் படிப்பதை விடவில்லை. ஒன்பதும் முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கினேன். பேச்சு துருப்பிடித்துக்கொண்டே வந்தது, வாசிப்பு மட்டும் கூர்மையாகிக்கொண்டே வந்தது.

சீனா மறுபடி எல்லா வகை விசாவும் தரத் தொடங்கிய 2023-ல், ஆடி மாதம் கெச்சியாவ் போனேன். கடை அதே இடத்தில் இருந்தது. கல்லாவில் வேறு பெண். நான் தேடியவள் உள்ளே துணி ரோல்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு வயதுக் குழந்தை. கடை முதலாளியின் மகனையே கல்யாணம் செய்துகொண்டு, இப்போது அவள்தான் லாவ்பான்னியாங், முதலாளி அம்மா. என்னைப் பார்த்ததும் "தாகெ!" என்று எழுந்தாள். தேநீர் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் தொடர்ந்து படித்த ஒரு கதை தாய்ஜியென் ஆகிவிட்டதாம், அதைச் சொல்லிக் கோபப்பட்டாள். இப்போது ஒரு சரித்திரக் கதை படிக்கிறாளாம். குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள். "மறந்துபோச்சா, இன்னும் ஞாபகம் இருக்கா? சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்."

படித்தேன். மழை பெய்யும் இரவு, ஆற்றங்கரைச் சத்திரம், பேரரசரின் தூதர் மாறுவேடத்தில் வருகிறார். எழுத்துகள் எல்லாம் தெரிந்த முகங்கள். தூதரின் பதவிப் பெயர் வந்ததும் வேகம் குறையாமல் "ச்சின்ச்சா" என்றேன். புத்தகங்களில் நூறு தடவையாவது பார்த்த பதவி அது. வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

அவள் திரையில் விரல் வைத்தாள். என் ஆர்டரைக் கவிழ்த்த அதே எழுத்து.

"இங்கே ச்சா இல்லை தாகெ, ச்சாய். ச்சூச்சாய் போகிறோம் என்கிறோமே, வேலையாக வெளியூர் போவது, அந்த ச்சாய். ச்சின்ச்சாய்."

"ச்சின்ச்சாய்" என்றேன்.

"ம். மேலே படியுங்கள்" என்றாள். குழந்தை தூங்க ஆரம்பித்திருந்தது.